இல்லாத கேபிளில் எங்கே பழுது?

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இப்போது நெட்வொர்க் கேபிள் செருகும் துளையே கிடையாது. வைஃபை மட்டும்தான். ஆனால் அதே லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி அதற்குள் ஓர் உபுண்டுவை ஓடவிட்டால், ‘வயர்டு இணைப்பு: இணைக்கப்பட்டது’ என்று உபுண்டு காட்டுகிறது. எந்த வயர்? அதன் மறுமுனை எங்கே? மெய்நிகர் கணினிகளில் வரும் நெட்வொர்க் கோளாறுகளில் பாதி, இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலே தீர்ந்துவிடும். தெரியாதவர்கள் உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. பழுது பெரும்பாலும் உபுண்டுவுக்குள் இல்லை என்பதுதான் காரணம்.

உள்ளே ஓடும் இயங்குதளத்தை ‘கெஸ்ட்’ என்றும், அதைச் சுமக்கும் உண்மையான லேப்டாப்பை ‘ஹோஸ்ட்’ என்றும் சொல்வது வழக்கம். பிராசசர், நினைவகம், டிஸ்க் எல்லாம் தனக்கே இருப்பதாக கெஸ்ட் நம்பும்படி ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. நெட்வொர்க் கார்டும் அந்த வகைதான். விர்ச்சுவல்பாக்ஸ் பெரும்பாலும் காட்டுவது, இன்டெல்லின் ‘ப்ரோ/1000 எம்டி டெஸ்க்டாப்’ என்ற பழைய மேசைக் கணினிக் கார்டை. பழசைத் தேர்ந்ததில் விவேகம் இருக்கிறது. அந்தக் கார்டுக்கான டிரைவர் இன்றைய இயங்குதளங்கள் பலவற்றோடு கூடவே வந்துவிடுகிறது; எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸின் கேவிஎம் வழியாக ஓட்டுபவர்கள் வேகத்துக்காக ‘விர்ட்ஐஓ’ என்ற கார்டைத் தேர்வார்கள். இது எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட கார்டு அல்ல, மெய்நிகர் கணினிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. விண்டோஸ் நிறுவியில் இதற்கான டிரைவர் கிடையாது. அதனால் புதிதாக நிறுவிய விண்டோஸ் கெஸ்ட், நெட்வொர்க் கார்டே இல்லை என்று சாதிக்கும். டிரைவர் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இணைத்து நிறுவினால் சரியாகிவிடும்.

கேபிளுக்கு வருவோம். விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் ‘கேபிள் கனெக்டட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் இருந்தால் கெஸ்ட்டின் பார்வையில் கேபிள் செருகப்பட்டிருக்கிறது, எடுத்துவிட்டால் பிடுங்கப்பட்டுவிட்டது. வயர் என்பது அவ்வளவுதான். கெஸ்ட்டின் திரையில் தெரியும் ‘இணைக்கப்பட்டது’ என்ற செய்தி இந்த டிக்கைப் பற்றியது. வீட்டு ரவுட்டர் அணைந்து கிடந்தாலும், லேப்டாப்பில் வைஃபை நின்றிருந்தாலும், அந்தச் செய்தி பெரும்பாலும் மாறாது. ஆகவே அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பார்க்க வேண்டியது கெஸ்ட்டுக்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியை.

விர்ச்சுவல்பாக்ஸில் எதையும் மாற்றாமல் விட்டால் ‘நேட்’ என்ற முறையில் இணைப்பு அமைகிறது. அப்போது கெஸ்ட்டின் முகவரி 10.0.2.15. வாசல் முகவரி, அதாவது கேட்வே, 10.0.2.2. பெயர்களை எண்களாக்கித் தரும் டிஎன்எஸ் பணியை 10.0.2.3 செய்கிறது. சென்னையில் ஓட்டினாலும் யாழ்ப்பாணத்தில் ஓட்டினாலும் இதே எண்கள்தான். ஒரே லேப்டாப்பில் இரண்டு கெஸ்ட்களை ஓட்டினால் இரண்டுக்குமே 10.0.2.15 கிடைக்கும், ஒன்றோடொன்று மோதவும் செய்யாது. ஒவ்வொரு கெஸ்ட்டும் தனக்கென்றே உருவான ஒரு குட்டி நெட்வொர்க்கில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கெஸ்ட்களைப் பேசவைக்கப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் செய்து (பதில் வருகிறதா என்று சிறு செய்தி அனுப்பிப் பார்த்து), பதில் வராமல் குழம்பும் மாணவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேண்டியது ‘நேட் நெட்வொர்க்’ அல்லது ‘ஹோஸ்ட் ஒன்லி’ என்ற வேறு முறை.

இந்த 10.0.2 என்ற எண் வரிசைக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. 1990களில் மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்தவர்களுக்குக் கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே வந்தன. முழு இணைய இணைப்புக்குத் தனிக் கட்டணமும் தனி அனுமதியும் தேவைப்பட்டன. டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் ‘ஸ்லர்ப்’ என்ற நிரலை எழுதினார். சாதாரணப் பயனர் ஒருவர் எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாமல் அதை ஓட்டலாம். வீட்டுக் கணினியிலிருந்து வரும் தரவுப் பொட்டலங்களை வாங்கி, தன் பெயரில் இணையத்துக்கு அனுப்பி, பதிலைத் திருப்பித் தரும். மோடம் காலம் முடிந்தது. ஆனால் நிரல் சாகவில்லை. கியூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருள் அதை எடுத்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸும் எடுத்துக்கொண்டது. நேட் முறையில் கெஸ்ட் இணையத்தோடு பேசும்போது ஹோஸ்ட்டின் கண்ணுக்குத் தெரிவது கெஸ்ட் அல்ல. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரல் ஏதோ ஓர் இணையதளத்தைத் திறக்கிறது, அவ்வளவுதான். பிரவுசர் திறப்பதைப் போலவே. வைஃபை, கேபிள், மொபைல் ஹாட்ஸ்பாட் என்று எதுவாக இருந்தாலும் நேட் வேலை செய்வதற்கு இதுவே காரணம். என் கருத்தில், பாடம் படிக்கவும் மென்பொருள் எழுதிப் பார்க்கவும் மெய்நிகர் கணினி வைத்திருப்பவர்கள் இந்த முறையை விட்டு வெளியேறத் தேவையே இல்லை.

கோளாறு வந்தால் கெஸ்ட்டுக்குள்ளிருந்து வெளிநோக்கி ஒவ்வோர் அடியாகப் போக வேண்டும். முகவரியே இல்லை என்றால், அல்லது விண்டோஸ் கெஸ்ட்டில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவை பதில் தரவில்லை என்று பொருள். 169.254 யாரும் கொடுத்த எண் அல்ல. கேட்டுக் கேட்டுக் களைத்த கணினி தனக்குத்தானே சூட்டிக்கொண்டது. ‘கேபிள் கனெக்டட்’ டிக், கார்டின் வகை, டிரைவர் மூன்றையும் அப்போது பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்தால் அடுத்து 10.0.2.2-ஐ பிங் செய்யலாம். பதில் வந்தால் மெய்நிகர் கேபிள் நலம். பிறகு 8.8.8.8 என்ற கூகுளின் டிஎன்எஸ் முகவரி. அதற்கும் பதில் வந்து, இணையதளத்தின் பெயரை மட்டும் திறக்க முடியவில்லை என்றால் குற்றவாளி டிஎன்எஸ். அலுவலக விபிஎன்னை ஹோஸ்ட்டில் இயக்கிய பிறகு இது அடிக்கடி நேர்கிறது: ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் மாறியிருக்கும், கெஸ்ட் பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் இரண்டு பொய்த் தடயங்களைச் சொல்லியாக வேண்டும். கியூஎமுவின் சாதாரணப் பயனர் முறையில் இணையம் நன்றாக வேலை செய்யும்போதே பிங் மட்டும் தோற்கலாம். பிங் அனுப்பும் பொட்டலம் வேறு ரகம்; அதை வெளியே விட, சாதாரண நிரலுக்கு எல்லா ஹோஸ்ட்களிலும் அனுமதி இருக்காது. இன்னொன்று, விண்டோஸ் ஹோஸ்ட்டின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பெரும்பாலும் பதில் தராது. கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டை பிங் செய்து பதில் வரவில்லை என்பதை வைத்து நெட்வொர்க் பழுது என்று சொல்லிவிட முடியாது.

சிக்கல் உண்மையில் கனப்பது ‘பிரிட்ஜ்டு’ முறையில். கெஸ்ட்டில் ஒரு வெப் சர்வரை ஓட்டி, பக்கத்து அறையில் இருப்பவர் அதைத் திறக்க வேண்டுமானால் நேட் எளிதில் உதவாது. அபார்ட்மென்ட்டில் ஒரே கதவு எண்ணுக்குப் பின்னால் வசிப்பவரைப் போல, வெளியிலிருப்பவருக்கு கெஸ்ட் தெரியாது. பிரிட்ஜ்டு முறை அதற்குத் தனிக் கதவு எண்ணே கொடுத்துவிடுகிறது: ஒரே லேப்டாப்பிலிருந்து இரண்டு மேக் முகவரிகள், வீட்டு ரவுட்டரிடமிருந்து இரண்டு ஐபி முகவரிகள். மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், 48 பிட் நீளம். அதன் முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். 08:00:27 என்று தொடங்கினால் விர்ச்சுவல்பாக்ஸ், 00:50:56 என்றால் விஎம்வேர், 52:54:00 என்றால் பெரும்பாலும் கியூஎமு அல்லது கேவிஎம். ரவுட்டரின் பட்டியலில் இந்த எண்களைத் தேடினால், கெஸ்ட்டின் குரல் அதுவரை எட்டியதா என்று தெரிந்துவிடும்.

ஈதர்நெட் கேபிளில் இது இயல்பாக நடக்கிறது. 1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட்டில், ஒரு கம்பியின் பின்னால் எத்தனை கணினிகள் இருந்தாலும் தடையில்லை. அனுப்பியவர் முகவரியைப் பொட்டலமே சுமந்து செல்கிறது. வைஃபையில் அப்படி முடியாது. லேப்டாப் அனுப்பும் வைஃபை பொட்டலத்தில் வழக்கமாக மூன்று முகவரி இடங்கள்தான்: ஆக்சஸ் பாயின்ட், லேப்டாப், போய்ச் சேர வேண்டிய இடம். ‘வானில் அனுப்பியவர்’, ‘உண்மையில் எழுதியவர்’ என்று இருவரைத் தனித்தனியே குறிக்க அதில் இடமில்லை. கடவுச்சொல் சொல்லி இணைந்த லேப்டாப்பின் மேக் முகவரியை மட்டுமே ஆக்சஸ் பாயின்ட் ஏற்கும். அதனால் வைஃபையில் பிரிட்ஜ்டு முறையை ஓட்டும் மென்பொருள், கெஸ்ட்டின் மேக் முகவரியை அழித்து லேப்டாப்பின் முகவரியைப் பொறித்து அனுப்புகிறது. திரும்பி வருவதை ஐபி முகவரியை வைத்துப் பிரிக்கிறது. பல ரவுட்டர்களில் இந்தத் தந்திரம் பலிக்கும், சிலவற்றில் பலிக்காது. கேபிளில் ஓடிய கெஸ்ட் வைஃபையில் ஓடவில்லை என்றால், நம் அமைப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் வரும்: வீட்டு வைஃபையில் ஓடியது கல்லூரி ஆய்வகத்தில் கேபிள் செருகியதும் நின்றுவிடும். யுஎஸ்பி வழியாகச் செருகும் ஈதர்நெட் அடாப்டர் புதிதாக வந்திருக்க, பிரிட்ஜ் இன்னும் வைஃபை கார்டோடு கட்டப்பட்டிருக்கலாம். அமைப்பில் எந்தக் கார்டு என்று திறந்து பார்த்து மாற்ற வேண்டும். அல்லது ஆய்வக ஸ்விட்ச்சில் ‘போர்ட் செக்யூரிட்டி’ இயக்கப்பட்டிருக்கலாம். சிஸ்கோ ஸ்விட்ச்களில் அதை இயக்கினால், வேறெதுவும் சொல்லாதவரை ஒரு துளைக்கு ஒரே ஒரு மேக் முகவரிக்குத்தான் அனுமதி. இரண்டாவது முகவரி தலைகாட்டியதும் ஸ்விட்ச் அந்தத் துளையையே மூடிவிடும். கெஸ்ட்டோடு லேப்டாப்பும் சேர்ந்து இணைப்பை இழக்கும். இதை மாணவர் தன் லேப்டாப்பில் எதை மாற்றியும் தீர்க்க முடியாது. நெட்வொர்க் நிர்வாகியிடம் போய்க் கேட்க வேண்டியதுதான். அவர் துளையைத் திறந்துவிட்ட பிறகு நேட் முறைக்கு மாறிக்கொள்ளலாம். பழுதை உடனடியாக இரண்டாக வெட்டிப் பார்க்கும் சோதனையும் அதுவே. நேட்டில் இணையம் வந்து பிரிட்ஜ்டில் வரவில்லை என்றால், கெஸ்ட்டின் இயங்குதளமும் டிரைவரும் நலம்; பழுது வெளியே இருக்கிறது.

லேப்டாப் இடம் மாறுவது தனித் தொல்லை. வீட்டிலிருந்து மூடி எடுத்துவந்து அலுவலகத்தில் திறந்தால், ஹோஸ்ட் புது நெட்வொர்க்கை உணர்ந்து புது முகவரி வாங்கிக்கொள்கிறது. கெஸ்ட்டுக்கோ கேபிள் பிடுங்கப்பட்டதே தெரியாது. பழைய வீட்டு முகவரியோடு உட்கார்ந்திருக்கும். விஎம்வேரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு: உண்மையான இணைப்பு அறும்போது மெய்நிகர் கேபிளையும் அறுத்துக் காட்டும்படி அதில் டிக் செய்யலாம். விர்ச்சுவல்பாக்ஸில் ‘கேபிள் கனெக்டட்’ டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் போதும், பெரும்பாலும் கெஸ்ட் விழித்துக்கொண்டு புது முகவரி கேட்கும். தூங்கி எழுந்த கெஸ்ட்டின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அது பின்தங்கியிருந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். பார்ப்பவருக்கு அது நெட்வொர்க் கோளாறாகவே தெரியும்.

கடைசியாக, வகுப்பறைகளில் நேரும் ஒன்று. ஆசிரியர் ஒரு கெஸ்ட்டைத் தயார் செய்து பென் டிரைவில் எல்லோருக்கும் தருகிறார். கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் மேக் முகவரியும் நகலாகிறது. பிரிட்ஜ்டு முறையில் அத்தனை கெஸ்ட்களும் ஒரே மேக் முகவரியோடு பேசும்போது, ஸ்விட்ச் அந்த முகவரி இந்தத் துளையில் இருக்கிறதா, அந்தத் துளையில் இருக்கிறதா என்று கணத்துக்குக் கணம் மாற்றி எழுதும். இணைப்பு வந்து வந்து போகும். மேக் முகவரியைப் புதுப்பித்த பிறகும் உபுண்டு சர்வர் கெஸ்ட்கள் எல்லாம் ஒரே ஐபி முகவரியைப் பெறுவதுண்டு. உபுண்டு சர்வரில் முகவரி கேட்கும் நிரல், மேக் முகவரியை அடையாளமாகச் சொல்லாமல் ‘மெஷின் ஐடி’ என்ற எண்ணிலிருந்து ஆக்கிய அடையாளத்தைச் சொல்கிறது. நகலெடுத்த எல்லாவற்றிலும் அந்த எண் ஒன்றுதான். பகிர்வதற்கு முன் ஆசிரியர் செய்ய வேண்டியது சிறியது: ‘இடிசி’ கோப்புறையில் உள்ள மெஷின் ஐடி கோப்பை, அழிக்காமல், அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கிவிட்டு கெஸ்ட்டை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மாணவரின் லேப்டாப்பிலும் முதல்முறை இயங்கும்போது அது தனக்கென்று ஒரு புது எண்ணை எழுதிக்கொள்ளும்.