ஒரு குரலும் பல எதிரொலியும்

ஒரு செய்தியைப் பலர் கூறக் கேட்பின் அதனை மெய்யெனக் கொள்ளுதல் மனித இயல்பு. இவ்வியல்பே ‘பொட்’ எனப்படும் தானியங்கிக் கணக்குகளின் முதலாகும். மனிதப் பெயரும் படமும் புனைந்த இவை, எழுதிவைத்த நிரலின்படி ஒரே செய்தியை எக்ஸ், முகநூல், டெலிகிராம் ஆகிய தளங்களில் ஒருங்கே இடுகின்றன. ஒன்று இட்டதை மற்றவை பகிர்கின்றன. பலரும் நாடும் செய்தியெனக் கணித்து, தளமும் அதனை முன்னிறுத்துகின்றது. அங்கிருந்து வட்ஸ்அப் குழுக்களுக்கு அதனைச் சுமந்து செல்வோர் பெரும்பாலும் மனிதரே.

பொறியின்றியும் இத்தீமை நிகழும் என்பதற்கு நம் கரையூர்களுக்கு அணித்தான அம்பாறை நகரே சான்று. 2018 பெப்ரவரி 26ஆம் நாளிரவு, முஸ்லிம் உணவகமொன்றில் கறியில் மலட்டு மருந்து கலந்ததாக வதந்தி எழுந்தது. சிங்களம் செவ்வனே அறியாத ஊழியர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி உரைத்த சில சொற்கள் ஒப்புதலெனக் காணொளியாய்ப் பரவின. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில், வேறொரு நிகழ்வையொட்டிக் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூளவே, மார்ச் 7ஆம் நாள் அரசு முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடைசெய்தது. அரச பகுப்பாய்வாளர் கறியிற் கண்டதோ மாக்கட்டியே! 2020இல் முகநூல் நிறுவனம் தன் தளம் தீங்குக்குப் பயன்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது.

அவ்வூழியரை நேரிற் கேட்டறிந்தோர் எத்துணைப் பேர்? செய்தியைச் சொல்வோர் தொகை சான்றாகாது. கண்டறிந்தவர் யார் என வினவுதலே அறிவுடைமை. அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை பகிராதிருத்தல் மாணவர் கடனாம்.