கடலை அவித்த தண்ணீரில் சொக்லேட் மூஸ்

கடலையை அவித்து வடிக்கும்போது சட்டியில் மிஞ்சும் மஞ்சள் நிறத் தண்ணீரை எத்தனை காலமாகக் கழுவுதொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்! தொட்டால் விரலில் வழுக்கும். போத்தலில் இட்டுக் குலுக்கினால் நுரைக்கும். குளிரில் வைத்தால் தடிக்கும். முட்டையோ பாலோ வெண்ணெயோ இல்லாமல், நாவில் கரைந்து போகிற சொக்லேட் மூஸ் செய்வதற்கு இந்தத் தண்ணீர் போதும். மற்றப் பொருட்கள் எல்லாம் பாரிசின் ரூ து ஃபொபூர் சேன்-தெனியிலேயே கிடைக்கும்.

கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி லாச்சப்பல் மெற்றோவை நோக்கி நடந்தால், தெருவின் இரு பக்கமும் தமிழ்க் கடைகள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் 10ஆம் வட்டாரத்தின் இந்த மேல்முனையை ஒரு கடைத்தெருவாக்கினார்கள். முருங்கைக்காய், ஒடியல் மா, பனையோலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி, தேங்காய்ப்பால் ரின், மூட்டை மூட்டையாகக் கடலை. சற்றுத் தள்ளி 18ஆம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடை முடிவில் தேர் வெளிக்கிடும்போது தெருவெல்லாம் சிதறு தேங்காய்தான்.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு மூஸ் ஓ சொக்லா என்றால் உயிர். ஆனால் பிரெஞ்சு வீட்டு முறையில் அது பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்வது. கடையில் வாங்கும் மூஸில் பல வேளைகளில் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் சேர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் பார்க்கிற வீட்டில் இரண்டுக்கும் இடமில்லை. பாலையும் தவிர்க்கும் வீகன் நண்பர் ஒருவர் விருந்துக்கு வந்துவிட்டால் பாயாசமும் கைகொடுக்காது. ஆகவே கடலைத் தண்ணீர் எங்கள் வீடுகளுக்கு உண்மையிலேயே தேவையான ஒரு கண்டுபிடிப்பு. முட்டைக்கு வேறு வழியில்லாமல் வைத்த பதிலாக இதை நான் நினைப்பதில்லை. தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேரும்போது முட்டை மூஸுக்கு இல்லாத ஒரு சுவை இதற்கு வந்துவிடுகிறது.

கடலைத் தண்ணீரின் இந்தக் குணத்தைக் கண்டவர் பிரான்ஸ் நாட்டுக்காரர்தான். ஜோயல் ரொசெல் என்ற இசைக்கலைஞர், ரின்னில் அடைத்த அவரை, கடலை வகைகளின் தண்ணீர் முட்டை வெள்ளைக்கருவைப் போல நுரைப்பதை 2014இல் கவனித்து எழுதினார். அடுத்த ஆண்டில் அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் கூஸ் வோல்ட், கடலைத் தண்ணீரையும் சீனியையும் மட்டும் அடித்து மெரெங் என்ற நுரை இனிப்பைச் செய்து காட்டினார். இந்தத் தண்ணீருக்கு ‘அக்வாஃபாபா’ என்ற பெயரும் அவர் வைத்தது.

நுரை ஏன் நிற்கிறது? வெறும் தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் குமிழிகள் உடனே உடைந்துவிடும். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பில் யாராவது காவல் நிற்க வேண்டும். கடலை அவியும்போது அதிலிருந்து மூன்று வகைப் பொருட்கள் தண்ணீரில் இறங்குகின்றன: கரையக்கூடிய சிறு புரதங்கள், மாச்சத்தும் நாரும், சப்போனின். புரத இழைக்குத் தண்ணீரை விரும்பும் பகுதியும் உண்டு, விரும்பாத பகுதியும் உண்டு. அடிக்கும் வேகத்தில் இழை பிரிந்து, விரும்பாத பகுதியைக் காற்றுப் பக்கமும் விரும்பும் பகுதியைத் தண்ணீர்ப் பக்கமும் நீட்டிக் குமிழியைச் சுற்றி ஒரு மெல்லிய தோலாகிறது. சப்போனினும் அதே விளிம்பில் போய் நிற்கும். பூந்திக்கொட்டையை நுரைக்க வைப்பதும் இதே வகைப் பொருள்தான். மாச்சத்தும் நாரும் தண்ணீரைத் தடிப்பாக்குவதால் குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர் வேகமாக வடியாது. வெள்ளைக்கருவில் 100க்குப் 10 பங்கு புரதம். கடலைத் தண்ணீரில் ஒன்றோ இரண்டோதான். அவ்வளவு குறைந்த புரதம் இவ்வளவு வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இந்த நுரைக்கு எதிரி கொழுப்பு. ஒரு துளி எண்ணெய் பட்டாலும் குமிழித் தோல் கிழியும். அதனால் கிண்ணத்தையும் அடிகருவியையும் தேசிக்காய்த் துண்டால் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 70 வீதக் கறுப்புச் சொக்லேட்டிலோ ஏறத்தாழ 40 வீதம் கொக்கோ வெண்ணெய்! எதிரியையே வீட்டுக்குள் அழைக்கிறோம். கலக்கும்போது நுரை கொஞ்சம் அமுங்கும், பதற வேண்டாம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 பாகை செல்சியசில் உருகும். குளிரில் வைத்ததும் அது மீண்டும் படிகமாகி, மிஞ்சிய குமிழிகளை அப்படியே பூட்டிவிடும். நுரையைக் குலைக்கப் பார்த்த கொழுப்பே கடைசியில் அதைத் தாங்குகிறது.

முதலில் கடலைத் தண்ணீர். கடலையை இரவு ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பும் அப்பச்சோடாவும் போடாமல், கடலை மூழ்குமளவு புதுத் தண்ணீரில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரிலேயே ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் விட்டு வடியுங்கள். வெள்ளைக்கருப் பதத்தில் இல்லையென்றால் சிறு தீயில் வற்றவைக்கலாம். பெரிய வெள்ளைக் கடலையில் தண்ணீர் வெளிறி இருக்கும். சின்னக் கபிலக் கடலையில் நிறம் கூடும், சொக்லேட்டில் அது தெரியாது. ரின் கடலையென்றால் உப்பில்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அடுத்து சொக்லேட். 100 மில்லிலீற்றர் கெட்டித் தேங்காய்ப்பாலில் 40 கிராம் பனங்கட்டியைக் கரைத்து, சூடாக்கி, துணியில் வடியுங்கள். மண்ணும் ஓலைத் தும்பும் அகப்படும். 150 கிராம் கறுப்புச் சொக்லேட்டைப் பொடியாக வெட்டி வைத்து, சூடான பாலை முழுவதுமாக ஒரே தடவையில் ஊற்றிக் கலக்க வேண்டும். கரண்டி கரண்டியாக விட்டால் சொக்லேட்டிலுள்ள சீனி அந்தக் கொஞ்ச ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொண்டு எல்லாம் கட்டியாகிவிடும். நீர் போதுமானதாக இருந்தால் கொழுப்பு சிறு துளிகளாகப் பிரிந்து மினுமினுப்பான குழம்பாகும். சொக்லேட் உறையில் பால் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

குழம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். இதற்கிடையில் 120 மில்லிலீற்றர் குளிர்ந்த கடலைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி தேசிப்புளி விட்டு மின் அடிகருவியால் அடியுங்கள். பத்து நிமிடம் வரை ஆகலாம். புளி புரதங்கள் நெருங்கி நிற்க உதவும். இரண்டு மேசைக்கரண்டி சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு வந்ததும் நிறுத்தலாம். வெள்ளைக்கருவை அதிகம் அடித்தால் திரைந்து போகும். இதற்கு அந்தப் பயம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு நுரையைச் சொக்லேட்டில் கலந்து இளக்கிவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக மெதுவாக மடித்துச் சேர்த்து, நாலு மணிநேரம் குளிரில் வையுங்கள். ஒரு சிட்டிகை ஏலப்பொடி என் விருப்பம்.

கடலைத் தண்ணீரும் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1988இல் ‘மூலக்கூற்றுச் சமையலியல்’ என்ற துறைக்குப் பெயரிட்ட இருவரில் ஒருவரான பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ், சொக்லேட்டையும் தண்ணீரையும் மட்டும் உருக்கிக் கலந்து, பனிக்கட்டி மேல் வைத்த கிண்ணத்தில் அடித்தே திரண்ட கிறீம் போன்ற ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார். செய்முறை எளிது, அருமையானதுதான். ஆனாலும் கடலைத் தண்ணீரின் இலேசான தன்மை அதில் வராது.

இத்தண்ணீரால் முடியாததும் உண்டு. வெள்ளைக்கருப் புரதம் சூட்டில் கெட்டியாகும்; கடலைப் புரதம் அப்படி ஆகாது. அதனால் சூட்டில் உப்பி எழும் சூஃப்லே போன்றவற்றை இதை நம்பி அடுப்பில் வைக்காதீர்கள். மெரெங் செய்வதென்றால் 100 பாகையளவில், நீண்ட நேரம் உலர்த்த வேண்டும். கச்சான், பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய தண்ணீரைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். வடித்த கடலையைத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து அன்றே சாப்பிட்டுவிடலாம்.