போலீஸ் பயமும் நோய்த் தடுப்பும்

ஹைதராபாத்தின் மௌலா அலி குன்றின் அடிவாரத்தில் மஹ் லகா பாய் சந்தாவின் கல்லறை இருக்கிறது. நிஜாமின் அவையில் ஆடிப் பாடிய தவாயிஃப் (கணிகை), உருதுக் கவிஞர். 1824-இல் இறந்தபோது பெரும் சொத்துக்கு உரிமையாளர்.

அதே ஹைதராபாத்தில், 1996-இல், மெஹபூப் கி மெஹந்தி என்ற சிவப்பு விளக்குப் பகுதியிலிருந்து பெண்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகச் சுனிதா கிருஷ்ணன் தொடங்கிய பள்ளிதான் பெண் கடத்தலை எதிர்க்கும் பிரஜ்வாலா அமைப்பாக வளர்ந்தது. ஒரே தெருவில் இருந்தவரை அவர்களை மருத்துவர் தேடிப் போகலாம். ஊரெங்கும் சிதறி, ஒளிந்து வாழ்பவரை எங்கே தேடுவது?

கைப்பையில் ஆணுறை

1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வந்த பெண் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வது தனிக் குற்றமல்ல. விடுதி நடத்துவது, பொது இடத்தில் ஆள் அழைப்பது போன்றவை குற்றம். நடைமுறையில் ரெய்டு என்றால் மாட்டுவது பெண்தான். கைப்பையில் இருக்கும் ஆணுறையே சாட்சியாகிவிடும் என்றால், யார் அதை எடுத்துப் போவார்கள்?

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் திருத்தியது. ஆணுறையைக் குற்றத்தின் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது, வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு உடனடி மருத்துவ உதவி தர வேண்டும் என்றது. இந்த உத்தரவு ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

சென்னை சொன்ன பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா, போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின, அதாவது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. என்ன தேடுகிறோம் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நாட்டையே விழிக்கவைத்த ஆய்வு அது. ஆனால் சம்மதம் கேட்காத பரிசோதனை இனி கூடவே கூடாது.

லைசென்ஸ் கொடுத்தால் போதுமா?

பதிவும் கட்டாயப் பரிசோதனையும் இங்கே புதிதல்ல. 1868-இல் ஆங்கிலேய அரசு சட்டமே போட்டது. பெண்களைப் பிடித்துச் சோதித்தது, வந்துபோன சிப்பாய்களை விட்டுவிட்டது. 1888-இல் சட்டம் கைவிடப்பட்டது. மருத்துவரீதியாகவும் 'நோயில்லை' என்ற பரிசோதனை அட்டையை நம்ப முடியாது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையில் தெரியாமலே போகலாம். அட்டையைக் காட்டினால் வாடிக்கையாளர் ஆணுறையை மறுப்பார்.

நியூசிலாந்து 2003-இல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஸ்வீடன் 1999 முதல் வாங்குபவரைத் தண்டிக்கிறது. குற்றமாகக் கருதுவதை நிறுத்தினால் பத்தாண்டுகளில் பாலியல் தொழிலாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் ஏற்படும் புதிய எச்.ஐ.வி. தொற்றில் 33 முதல் 46 சதவீதம் வரை தடுக்கலாம் என்று 2014-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கணித்தது. கடத்தலிலிருந்து சிறுமிகளை மீட்பவர்கள், தளர்வைத் தரகர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். அதற்குத் தரகர் மீதும் கடத்துபவர் மீதும் பிடி இறுக வேண்டும், பெண்ணின் மீதல்ல.

இன்றே செய்யக்கூடியது

சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரங்களில் தானாக ஆறிவிடும். நோய் உள்ளே தொடரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் பென்சிலின் ஊசியால் குணமாகும். ஆணுறை கிழிந்தாலோ வன்முறை நடந்தாலோ 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசம். விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.