வீக்கம் வற்றினாற் போதுமா?

பாடசாலை மைதானத்திலே வலைப்பந்தாட்டம் நடைபெறுகின்றது. பதினைந்து வயது மாணவி ஒருத்தி உயரப் பாய்ந்து பந்தைப் பற்றுகின்றாள். நிலத்தில் ஊன்றிய காலை எடுத்து மீண்டும் வைக்குமுன் அவள் பந்தை விட்டுவிடல் வேண்டும்; பந்துடன் ஓட அவ்வாட்டத்தில் விதியில்லை. ஆகவே சடுதியாக நிற்கின்றாள். உடல் முன்னே செல்ல, பாதம் நிலத்திலே பதிந்து நிற்க, இடையிலே முழங்கால் முறுகித் திரும்புகின்றது. ‘பொட்’ என்றொரு சத்தம். அவளை எவரும் தள்ளவுமில்லை, இடிக்கவுமில்லை. வீடு வந்து சேர்வதற்குள் முழங்கால் பருத்து வீங்கிவிடுகின்றது.

அதன்பின் நடப்பதை நம்மவர் பலரும் அறிவர். சுளுக்கு என்பார் ஒருவர். நோவெண்ணெய் பூசி உருவினாற் சரியாகும் என்பார் மற்றொருவர். எக்ஸ்ரே படத்தில் என்பு முறியவில்லை என்று கண்டதும் பெற்றோருக்கு மன ஆறுதல் உண்டாகின்றது. சில வாரங்களில் வீக்கம் வற்றுகின்றது. பிள்ளை நடக்கின்றாள், படியேறுகின்றாள். போட்டி நெருங்குகின்றதென்று மீண்டும் மைதானத்துக்கு அனுப்பிவிடுகின்றோம். ஒருநாள் ஓட்டத்தின் நடுவே முழங்கால் தன்பாட்டிலே வழுகி அவளை விழுத்திவிடுகின்றது. முதல் வீழ்ச்சியினும் இவ்விரண்டாம் வீழ்ச்சியே பலவேளைகளிற் கொடியதாகின்றது. காரணம் யாதென அறிய வேண்டுமாயின் மூட்டின் அமைப்பைச் சிறிது பார்த்தல் அவசியம்.

மனித சரீரத்திலுள்ள மூட்டுக்களுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டாகும். தொடையென்பின் கீழ்முனை உருண்டையான இரண்டு குமிழ்களாக முடிகின்றது. அதனைத் தாங்கும் கணைக்காலென்பின் மேற்பரப்போ ஏறக்குறையத் தட்டையானது. இடுப்பு மூட்டிலே உள்ளதுபோன்ற ஆழ்ந்த குழி இங்கே இல்லை. தட்டின்மேல் இரண்டு தோடம்பழங்களை வைத்தாற்போன்ற இந்நிலையைச் சீராக்கவே குமிழ்களின் கீழே பிறை வடிவான இரு குருத்தென்புத் தகடுகள் அணைகொடுக்கின்றன. முன்புறத்திலே முழங்காற் சில்லு நிற்கின்றது. ஆயினும் என்புகள் விலகாது பிடித்துவைப்பவை முக்கியமாக நான்கு பிணைநார்களேயாம். உட்பக்கத்தில் ஒன்று, வெளிப்பக்கத்தில் ஒன்று. மற்றிரண்டும் மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்வன.

குறுக்கு நார்களுள் முன்னையதே நம் மாணவியின் முழங்காலில் அறுந்தது. அதன் நீளம் சுமார் 3 சென்ரிமீற்றர். அகலம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர். ஆனால் இளவயதினரில் அதனை அறுக்க 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தின் இழுவை வேண்டும். கணைக்காலென்பு முன்னோக்கி வழுகாமலும் அளவு மிஞ்சித் திரும்பாமலும் காப்பது அதன் தொழில். நேராக நடப்பதற்கு அதன் உதவி பெரிதும் வேண்டுவதில்லை. ஓடுகையிலே சடுதியாகத் திரும்புதற்கே வேண்டும். பிள்ளை நடக்கக் கண்டு நாம் ஏமாறுவது இதனாலேதான்.

உட்பக்க நார் கிழிந்தால் அது பெரும்பாலும் தானே பொருந்திவிடும். அதற்கு இரத்தவோட்டம் நன்கு உண்டு. நடுவிலுள்ள குறுக்கு நாரின் நிலை வேறு. மூட்டினுள்ளே ஊறும் வழுவழுப்பான நீரிலே அறுந்த முனைகளை இணைத்துப் பிடிக்க இரத்தம் கட்டியாக உறைந்து நிற்பதில்லை. சிலரில் அது தானே பொருந்துவதையும் அண்மைக் காலத்துப் படங்கள் காட்டியுள்ளன. எனினும் அதனை எதிர்பார்த்து விளையாட விடுதல் தகாது. கட்டிழந்த மூட்டு வழுகுந்தோறும் பிறைத் தகடுகள் இடையிலே நசுங்கிக் கிழிகின்றன. அவை போனால் முப்பது வயதைத் தாண்டியதுமே மூட்டுத் தேய்வு தொடங்கிவிடலாம்.

எக்ஸ்ரே படத்தில் நார் தெரியாது. சில மணித்தியாலத்துள் வீங்கிய முழங்காலினுள்ளே பெரும்பாலும் இரத்தமே நிரம்பியிருக்கும் என்பதை நினைவிற்கொண்டு, அன்றே உருவுவதைத் தவிர்த்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டி வைத்து, காலை உயர்த்தி வைத்தல் நன்று. முறிவு நெரிவு வைத்தியத்தை நான் இகழ்கின்றேனல்லேன். நோய் இன்னதென்று அறியுமுன் உருவுவதையே கடிகின்றேன். பயின்ற வைத்தியர் முழங்காலைச் சற்றே மடக்கி, கணைக்காலை முன்னோக்கி இழுத்துப் பார்த்தே பலவேளைகளில் உண்மையைக் கண்டுகொள்வார். ஐயமிருப்பின் எம்.ஆர்.ஐ. படம் உண்டு.

சத்திர சிகிச்சையின் கதை இங்கிலாந்திலே லீட்ஸ் நகரில் 1895இல் தொடங்குகின்றது. சுரங்கத்திலே மண் சரிந்து காயமுற்ற தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்கு நார்களை மேயோ றொப்சன் என்பார் தைத்தார். சில ஆண்டுகளின் பின் அத்தொழிலாளி மீண்டும் சுரங்கத்திலே வேலைசெய்துகொண்டிருந்தார். தையல் எல்லாரிலும் நிலைக்கவில்லை. 1917இல் பிரிஸ்ரல் நகரத்து ஹே குறோவ்ஸ் தொடையின் சவ்வுப் பட்டியொன்றைக் கொண்டு புதிய நாரே அமைத்தார். இன்று தொடையின் பின்புறத்து நாணையோ சில்லின் கீழுள்ள நாணையோ எடுத்து அவ்வாறு அமைக்கின்றனர். ஆயினும் கத்தி எல்லாருக்கும் உடனே வேண்டுவதன்று. சுவீடனிலே 121 இளைஞரை ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவின்படி, முதலில் பயிற்சி செய்து, தேவைப்பட்டாற் பின்னர் சத்திர சிகிச்சை பெற்றவர்கள் ஈராண்டின் பின் மற்றையோரிலும் தாழ்ந்திருக்கவில்லை.

ஓடிப்பாய்ந்து ஆடும் விளையாட்டுக்களிலே இக்காயம் ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாக நேர்கின்றது. பாய்ந்து இறங்குகையில் முழங்காலை விறைப்பாக வைத்தலும், இரு முழங்கால்களும் உட்புறமாகச் சரிதலும் ஆபத்தானவை. முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கப் பழக்கும் பயிற்சியை ஆட்டத்தின் முன் கால்மணி நேரம், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்தால் இக்காயம் பாதியளவு குறையும் என ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குப் பணச் செலவில்லை. ஆசிரியரின் பொறுமை வேண்டும்.

புதிய நார் அமைத்தபின் விளையாட்டுக்குத் திரும்ப 9 மாதமாவது செல்லும். வீக்கமில்லை, நோவில்லை என்பதோடு வைத்தியர் நின்றுவிடார். நல்ல காலாற் கெந்திப் பாயும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது காயப்பட்ட காலாலும் பாய்கின்றாளா என்று அளந்து பார்த்த பின்னரே பந்தைக் கையிற் கொடுப்பர்.