அயர்லாந்து டூர் பிளான்: பச்சைப் புல்வெளிக்கு அடியில் இருக்கும் வரலாற்றைப் பார்ப்பது எப்படி?

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் அகில் என்று ஒரு தீவு. அங்கே ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கூரை இல்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 80-க்கும் மேல் இருக்கும். சுற்றிலும் ஆடுகள் மேய்கின்றன, கீழே கடல். போட்டோ எடுக்க அருமையான இடம்.

ஆனா, மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சரிவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், புல்லுக்கு அடியில் வரிவரியாக மேடு பள்ளம் தெரியும். ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள் அவை. போட்டவர்கள் போய்விட்டார்கள். பாத்தி மட்டும் மிச்சம்.

அயர்லாந்து ரீல்ஸ் எல்லாவற்றிலும் வருவது ஆளே இல்லாத பச்சைதான். அந்தப் பச்சை ஏன் இவ்வளவு காலியாக இருக்கிறது என்ற கேள்வியோடு போனால், அதே 10 நாள், அதே செலவில் வேறொரு பயணம் கிடைக்கும். அதை எப்படித் திட்டமிடுவது? விசாவில் எங்கே கவனமாக இருக்கணும்? பார்ப்போம்.

அப்படி என்னதான் நடந்தது?

1841-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி அயர்லாந்து தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். இன்று அயர்லாந்து குடியரசில் சுமார் 51 லட்சம் பேர் (2022 கணக்கெடுப்பு), பிரிட்டனின் பகுதியாக இருக்கும் வடக்கு அயர்லாந்தில் சுமார் 19 லட்சம் பேர் (2021 கணக்கெடுப்பு). கூட்டினால் 70 லட்சம்தான் வருகிறது. 180 வருஷத்துக்குப் பிறகும் பழைய எண்ணிக்கையைத் தொடவில்லை.

காரணம், 1845-ல் தொடங்கிய பஞ்சம். உருளைக்கிழங்கைத் தாக்கும் ஒரு நோய் வயல் வயலாகப் பரவியது. ஏழைக் குத்தகைதாரர்களுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. நிலமோ பெரும்பாலும் நிலச்சுவான்தார்கள் கையில். அவர்களில் பலர் ஊரிலேயே இல்லாதவர்கள். கிழங்கு அழுகிக்கொண்டிருந்தபோதும் தானியமும் கால்நடையும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. வாடகை கட்ட முடியாதவர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டுப் போனார்கள்.

நம் ஊர் தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கதை பழகியதாகவே இருக்கும். இரண்டு இடத்திலும் ஆண்டது ஒரே பேரரசு.

1,490 பேர் நடந்த பாதை

இந்த வரலாற்றை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ரோஸ்காமன் மாவட்டத்தில் உள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் போகணும். அங்குள்ள மாளிகை வளாகத்தில்தான் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது.

பஞ்ச காலத்தில் இந்த எஸ்டேட் மேஜர் டெனிஸ் மேஹன் என்பவரிடம் இருந்தது. குத்தகைதாரர்களை இங்கேயே வைத்துச் சோறு போடுவதைவிட, டிக்கெட் எடுத்துக் கனடாவுக்கு அனுப்புவது மலிவு என்று கணக்குப் போடப்பட்டது. 1847 மே மாதம் 1,490 பேர் ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து டப்ளின் துறைமுகம் வரை நடந்தே போனார்கள். அங்கிருந்து லிவர்பூல், பிறகு கியூபெக். கனடா கப்பல்களில் ஏறியவர்களில் ஏராளமானோர் கரை சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மேஹன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1979-ல் இந்த மாளிகையை ஓர் உள்ளூர் தொழிலதிபர் வாங்கினார். உள்ளே எஸ்டேட்டின் பழைய காகிதங்கள் அப்படியே இருந்தன. பட்டினி கிடந்த குத்தகைதாரர்கள் எழுதிய மனுவும் அதில் ஒன்று. அந்தக் காகிதங்களை வைத்து உருவானதுதான் அருங்காட்சியகம்.

அவர்கள் நடந்த பாதை இன்று 165 கி.மீ. நீள நடை மற்றும் சைக்கிள் பாதை. பெரும்பகுதி ராயல் கால்வாய்க் கரையோரமாகவே போகிறது. வழிநெடுக வெண்கலத்தில் வார்த்த சின்னச் சின்னக் காலணிகள் வைத்திருக்கிறார்கள். முழுதாக நடக்கத் தேவையில்லை. கால்வாய்க் கரையில் ஒரு காலைப்பொழுது நடந்தாலே போதும், தூரம் புரிந்துவிடும்.

ஒரு கூடுதல் தகவல்: இதே ரோஸ்காமன் மாவட்டத்தின் பாய்ல் என்ற சிற்றூரில் பிறந்தவர்தான் மார்கரெட் கஸின்ஸ். 1915-ல் சென்னை வந்து, 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

டப்ளினில் எத்தனை நாள்?

மூன்று இரவு போதும். நகரத்துக்குள் தவறவிடக் கூடாதது கில்மைன்ஹாம் சிறை. 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு அதன் தலைவர்களில் 14 பேர் இங்கேதான் சுட்டுக்கொல்லப்பட்டனர். நிற்க முடியாத அளவுக்குக் காயம்பட்டிருந்த ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். ஜோசப் பிளங்கெட் சாவதற்குச் சில மணி நேரம் முன்பு, சிறைக்குள் இருந்த சிற்றாலயத்தில் கிரேஸ் கிஃபர்டைத் திருமணம் செய்துகொண்டார். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆன்லைனில் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

கில்டேர் தெருவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். லிஃபி நதிக்கரையில், கஸ்டம் ஹவுஸ் அருகே, மெலிந்த உருவங்கள் மூட்டையோடு நடந்து போவதுபோல ஒரு சிலைத் தொகுப்பு இருக்கிறது. பஞ்ச நினைவுச் சின்னம். ஸ்ட்ரோக்ஸ்டவுன் போகும் முன் ஒருமுறை, திரும்பி வந்த பிறகு ஒருமுறை பாருங்கள். இரண்டாவது தடவை வேறு மாதிரி தெரியும்.

டப்ளினில் இருந்தபடியே ஒரு நாள் நியூகிரேஞ்ச் போய்ட்டு வரலாம். வடக்கே சுமார் 50 கி.மீ. கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்ட கல்லறை மேடு இது, கிசாவின் பெரிய பிரமிடைவிடப் பழசு. டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல்களில், சூரியன் உதிக்கும்போது வாசலுக்கு மேலுள்ள துவாரம் வழியாக ஒளி உள்ளறை வரை போய் 17 நிமிடம் நிற்கும். அந்த நாள்களில் உள்ளே நிற்க லாட்டரியில் பெயர் வரணும். மற்ற நாள்களில் செயற்கை விளக்கு வைத்துக் காட்டுவார்கள். உள்ளறைக்குள் போகும் டிக்கெட்தானா என்று பார்த்து புக் பண்ணுங்கள். நேராகப் போய் இறங்க முடியாது, பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பஸ்ஸில்தான் போகணும்.

இன்னொரு நாள் தெற்கே விக்லோ மலைகளில் கிளெண்டலாக். 6-ஆம் நூற்றாண்டில் துறவி கெவின் தொடங்கிய மடம், 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம், இரண்டு ஏரிகள். நடப்பதற்கு அருமையான இடம்.

மேற்கே: இங்கேதான் நேரம் ஒதுக்கணும்

பலர் செய்யும் தவறு, டப்ளினிலிருந்து ஒரே நாளில் பஸ்ஸில் மோஹர் பாறைகளுக்குப் போய் இரவே திரும்புவது. 214 மீட்டர் உயரப் பாறையைப் பார்த்த திருப்தி இருக்கும், அவ்வளவுதான். நாளில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும்.

மாற்றாக, மேயோ மாவட்டத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் மூன்று இரவு தங்கலாம். டப்ளினிலிருந்து ரயில் உண்டு. அங்கிருந்து அகில் தீவுக்குப் பழைய ரயில் தடத்தை மாற்றி 42 கி.மீ. சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். தெற்கே காரில் போனால் டூலாக் பள்ளத்தாக்கு. ஏரியும் மலையுமாக ஒரு வீடுகூடக் கண்ணில் படாத சாலை. 1849 மார்ச் மாதக் குளிரில், பட்டினி கிடந்த மக்கள் நிவாரணம் தொடர வேண்டுமென்றால் அதிகாரிகள் முன் ஆஜராகணும் என்று சொல்லப்பட்டு, லூயிஸ்பர்க் ஊரிலிருந்து இந்த வழியாக நடந்தார்கள். போனவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே பலர் விழுந்து இறந்தார்கள். இன்று சாலையோரத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. தெரியாமல் போனால் அது வெறும் 'வியூ பாயின்ட்'.

அடுத்து கால்வேயில் இரண்டு இரவு. அங்கிருந்து பஸ், படகு பிடித்து அரான் தீவுகளில் பெரியதான இனிஷ்மோர் போகலாம். வெறும் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் கொட்டி, தீவு மக்கள் தாங்களே மண் உண்டாக்கி விவசாயம் செய்த இடம். பாறை விளிம்பில் டூன் ஏங்கஸ் என்ற பழங்காலக் கற்கோட்டை இருக்கிறது. கீழே சுமார் 100 மீட்டர் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. செல்ஃபி எடுக்கும்போது கவனம்.

வடக்கு அயர்லாந்து: எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கு

ஜயண்ட்ஸ் காஸ்வே, பெல்ஃபாஸ்ட், டெர்ரி எல்லாமே வடக்கு அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில் இருக்கின்றன. 1921-ல் தீவு பிரிக்கப்பட்டது. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள், காயமடைந்த ஒருவர் பிறகு இறந்தார். 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அமைதி வந்தது. பெல்ஃபாஸ்டில் இரு தரப்புக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சுவர்கள் இன்னமும் நிற்கின்றன.

டப்ளின்–பெல்ஃபாஸ்ட் ரயில் பயணம் சுமார் இரண்டு மணி நேரம். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. அதனால் விசாவும் வேண்டாம் என்று நினைத்தால் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அயர்லாந்து விசாவை மட்டும் வைத்துக்கொண்டு வடக்கே போனால் அது பிரிட்டனுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்ததாகும். பிற்காலத்தில் எந்த விசா கேட்டாலும் பாதிக்கலாம்.

இதற்கு ஒரு வழி, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம். இந்தியாவில் இருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு இது உண்டு. 'பிஐவிஎஸ்' என்ற குறிப்போடு வரும் குறுகிய கால விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஒரே நிபந்தனை: விசா கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழையணும். விசா கையில் வந்ததும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் இரு நாட்டு அதிகாரப்பூர்வ இணையதளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விசா, விமானம்: மறக்கக் கூடாதவை

* அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. ஷெங்கன் விசா இங்கே செல்லாது.
* பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். முடிவு வரப் பல வாரங்கள் ஆகலாம்.
* ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, அலுவலகக் கடிதம், தங்குமிட விவரம், பயணக் காப்பீடு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.
* விசா வருவதற்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்காதீர்கள்.
* துபாய், அபுதாபி, தோஹா வழியாக டப்ளினுக்கு விமானங்கள் உண்டு. லண்டன் வழி என்றால் பிரிட்டனின் டிரான்சிட் விதிகளையும் பார்க்கணும்.

எப்போது போகலாம்? காரா, பஸ்ஸா?

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மாலை 4 மணி சுமாருக்கே இருட்டிவிடும். மழை எந்த மாதத்திலும் வரும், மேற்கே இன்னும் அதிகம். குடையைக் காற்று திருப்பிவிடும், நல்ல ரெயின்கோட்தான் உதவும்.

டப்ளின், கால்வே, பெல்ஃபாஸ்டுக்கு ரயில் போதும். டூலாக், அகில் மாதிரி இடங்களுக்குக் கார் இருந்தால் வசதி. நம்ம ஊர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்டுவார்கள். ஆனா கிராமச் சாலைகள் ரொம்பக் குறுகல். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். ஐரிஷ் மொழி பேசும் பகுதிகளில் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலம் இருக்காது, ஊரின் ஐரிஷ் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அரசு பராமரிக்கும் வரலாற்று இடங்களுக்கு ஓராண்டு செல்லும் 'ஹெரிடேஜ் கார்டு' உண்டு. நான்கைந்து இடமாவது பார்ப்பதாக இருந்தால் கணக்குப் போட்டு வாங்கலாம்.

10 இரவு மாதிரித் திட்டம்

* இரவு 1–3, டப்ளின்: கில்மைன்ஹாம், அருங்காட்சியகம், நியூகிரேஞ்ச், கிளெண்டலாக்
* இரவு 4–6, வெஸ்ட்போர்ட்: போகும் வழியில் ஸ்ட்ரோக்ஸ்டவுன், பிறகு அகில், டூலாக்
* இரவு 7–8, கால்வே: அரான் தீவு
* இரவு 9–10, இரு நாட்டு விசா இருந்தால் பெல்ஃபாஸ்ட். இல்லையென்றால் கால்வேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு, கடைசி இரவு டப்ளின்

பட்டியலில் மோஹர் பாறை இல்லையே என்றால், கால்வேயிலிருந்து ஒரு நாளில் போய்ட்டு வரலாம். ஆனால் நாள் குறைந்து எதையாவது வெட்ட வேண்டி வந்தால், ஸ்ட்ரோக்ஸ்டவுனை வெட்டாதீர்கள். அதைப் பார்த்த பிறகு அகில் மலைச்சரிவில் நின்றால், புல்லுக்கு அடியில் இருக்கும் அந்தப் பாத்திகளை யாரும் கை நீட்டிக் காட்டத் தேவையிருக்காது.