கஷ்டத்தின் நடுவிலும் சமாதானம்

நம் இதழை வாசிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்தவை. சம்பளம் வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், வெளியே சொல்லும்படி குறை ஒன்றுமில்லை. ஆனாலும் இரவில் படுத்தால் உறக்கம் வருவதில்லை என்று சொல்லாதவர்கள் குறைவு. நான் கிறிஸ்தவன் என்பதை அறிந்த நண்பர்கள், பிற சமயத்தைச் சேர்ந்தவர்களும்கூட, என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஜெபம் பண்ணினால் கஷ்டம் போய்விடுமா சார்?"

நான் போதகன் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு, ரயில் பாதைப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே வேத விளக்கம் சொல்லாமல், என் ஊர்ப் பக்கத்து வாழ்க்கையைக் கொண்டே இதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம்

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் ஒன்று என்னுடையது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் பலருக்குத் தாய்வீடு ஒரு மாநிலம், மாமியார் வீடு மறு மாநிலம். வீட்டில் தமிழ், சந்தையிலும் அலுவலகத்திலும் மலையாளம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க நாம்தான் உட்கார வேண்டும். ஊரைவிட்டு ஓர் அடிகூட நகராமலே வெளியூர்க்காரர் ஆனவர்கள் நாங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த மண்ணில் கிறிஸ்தவ விசுவாசம் வேரூன்றியது வசதியான காலத்தில் அல்ல. பாறசாலையிலிருந்து அதிகத் தூரமில்லாத நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் கலங்கியிருந்த வேளையில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மகாராஜாவின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய், அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார் என்பர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதனால் அவருடைய கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. 1749-ல் கைதாகி, மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

யோபுவின் சரித்திரத்தைக் கேட்டவர் தாமே ஒரு யோபு ஆனார். ஆனால் கலங்கிய மனிதராக வந்தவர், கலங்காத மனிதராகப் போனார். மாறியது சூழ்நிலையல்ல, அவருடைய உள்ளம்.

சமாதானம் என்பது எது?

தமிழ் வேதாகமத்தில் நாம் வாசிக்கும் "சமாதானம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது "ஷாலோம்" என்ற எபிரெயச் சொல். சண்டை இல்லாத நிலை மட்டும் அதன் பொருளல்ல. குறைவின்றி முழுமையாக இருத்தல், நலமாக இருத்தல், தேவனோடும் மனிதரோடும் உறவு செம்மையாக இருத்தல் ஆகிய யாவும் அதில் அடங்கும். கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்திலே தெரியப்படுத்தும்படி பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதியது சொகுசு மாளிகையிலிருந்து அல்ல, காவலில் இருந்துகொண்டுதான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். மழைக்காலத்தில் ரயில் பாதையில் இரவு ரோந்து உண்டு. கையில் விளக்கோடு ஒரு தொழிலாளி தமக்குரிய தூரம் முழுவதும் நடந்து பார்ப்பார். மண் சரிந்திருக்கிறதா, ஜல்லி அரித்துப் போயிருக்கிறதா, பாலத்தடியில் வெள்ளம் ஏறுகிறதா என்று கவனிப்பார். எல்லை முடியுமிடத்தில் அடுத்த ரோந்துக்காரரைச் சந்தித்து, இருவரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள். வண்டியில் போகும் பயணிக்கு இது எதுவும் தெரியாது. அவர் போர்த்திக்கொண்டு உறங்குகிறார். வெளியே மழை நின்றுவிட்டதால் அவர் உறங்கவில்லை. பாதையை ஒருவர் கவனித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையால் உறங்குகிறார். விசுவாசி பெறும் சமாதானமும் ஏறக்குறைய இத்தகையதுதான். உறங்காமல் காக்கிறவர் ஒருவர் உண்டு என்பது அவனுடைய ஆதாரம்.

நம்பிக்கை கைக்கு எட்டியது எப்படி?

"பொறுத்துக்கொள், பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதுதான் உங்கள் மார்க்கமா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் பக்கத்துச் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1806-ல் ரிங்கல்தோபே மயிலாடிக்கு வந்தபின் லண்டன் மிஷன் தென் திருவிதாங்கூரில் பரவிற்று. 22 ஆண்டுகள் இங்கே ஊழியம் செய்த ஜான் ஆப்ஸ் பாறசாலையில் தங்கிப் பணிபுரிந்தவர். கோயிலோடு கூடப் பள்ளிக்கூடமும், 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியும் வந்தன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். அடிமைமுறையை நீக்கும்படி 1847-ல் மிஷனெரிமார் மகாராஜாவுக்கு மனு கொடுத்தனர். 1855-ல் திருவிதாங்கூரில் அது ஒழிக்கப்பட்டது. தோள்சீலைக்காகப் பெண்கள் பட்ட பாட்டுக்குப் பின் 1859-ல் அரச ஆணை பிறந்தது, அதுவும் முழு உரிமை தரவில்லை.

இந்த எழுச்சி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதென்று சொல்வது சரியல்ல. அய்யா வைகுண்டர் தோன்றியதும் இதே தென் திருவிதாங்கூரில்தான். 1888-ல் ஸ்ரீ நாராயணகுரு சிவப்பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும் எங்கள் நெய்யாற்றின் கரையில்தான் உள்ளது. நான் சொல்ல வருவது, தேவன் என்னை மனிதனாக மதிக்கிறார் என்று நம்பியவன் கை கட்டி உட்காரவில்லை என்பதே.

ஒரு சோதனைக் காலம்

2020 மார்ச்சில் கொரோனா காரணமாக ஊரடங்கு வந்தபோது களியக்காவிளையில் எல்லை அடைபட்டது. என் மூத்த அக்காள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆட்டோவில் அரை மணி நேரத் தூரம். அவர்கள் நெடுநாள் நோயாளி. பார்க்கப் போக வழியில்லை. ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுவோம். "தம்பி, நீ அங்கேயிருந்து ஜெபம் பண்ணு, நான் இங்கேயிருந்து ஆமென் சொல்லுகிறேன்" என்பார்கள். அந்த ஆண்டே அவர்கள் காலமானார்கள். அடக்க ஆராதனையை நாங்கள் தொலைபேசி வழியாகத்தான் கேட்டோம்.

அந்தத் துக்கம் இன்றும் ஆறவில்லை. எங்கள் ஜெபம் எல்லையைத் திறக்கவில்லை, நோயைத் தீர்க்கவுமில்லை. ஆனால் கடைசி நாட்களில் அவர்கள் பயந்து பேசியதாக ஒரு வார்த்தை எனக்கு நினைவில்லை. மறுபடியும் சந்திப்போம் என்பதைப் பக்கத்து ஊருக்குப் போய்வருவதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, அது இப்படித்தான் ஒரு வீட்டில் பயன்படுகிறது.

அன்றாடம் செய்யக்கூடியவை

சமாதானம் ஒரு நாளில் வந்து சேராது. பாதைப் பராமரிப்பைப்போல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டியது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பயன் கண்ட சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இரவில் பத்து நிமிடம் குடும்ப ஜெபம். டி.வி.யையும் கைப்பேசியையும் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு பத்தி தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். ஜெபமும் ஆயிற்று, தமிழும் ஆயிற்று.

இரண்டாவது, கவலையைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பது. "எல்லாம் நன்றாக நடக்க வேண்டும்" என்று பொதுவாக ஜெபிக்காமல், வாடகை, பரீட்சை, ஸ்கேன் ரிப்போர்ட் என்று பெயர் சொல்லிவிட்டால், மூட்டையாக இருந்த பாரம் எண்ணக்கூடிய நாலு காரியமாகிவிடும். அதில் நம் கையில் உள்ளது எது, தேவன் கையில் விடவேண்டியது எது என்பதும் விளங்கும்.

மூன்றாவது, மனஸ்தாபத்தைத் தீர்ப்பது. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தார். சொத்துப் பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகளுக்கு எத்தனை உபவாசமும் உறக்கம் தராது.

நான்காவது, ஐக்கியம். அறுப்பின் பண்டிகையில் ஏலம்போகும் வாழைக்குலையும் பலாப்பழமும், அசனத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதும் வெறும் சடங்கல்ல. நீ தனியாள் இல்லை என்று ஊர் சொல்லும் விதம். வெள்ளறடை அருகே எல்லையில் நிற்கும் தெற்கன் குருசுமலைக்கு, 1957 முதல் தவக்காலத்தில் இரு மாநிலத்தாரும் ஏறுகிறார்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஜெபம் கேட்கும். வெளியூரில் இருப்போர், மாதம் ஒருமுறையாவது நாலு குடும்பம் கூடி ஜெபித்து, சேர்ந்து சாப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், வாழ்வே வேண்டாமென்று தோன்றினால், வைத்தியரிடம் போங்கள். அது அவிசுவாசம் அல்ல. ஜெபித்தவர்கள்தானே நெய்யூரில் ஆஸ்பத்திரி கட்டினார்கள்! மருந்தும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இந்த வாரம் ஊரில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்குப் போன் செய்து, அவரோடு சேர்ந்து ஒரு சிறு ஜெபம் செய்து பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் "ஆமென்" உங்களுக்கும் ஆறுதலாயிருக்கும்.