தீர்ப்புச் சொல்ல யார் அமர வேண்டும்?

சிலிபின் மாணவர்களுக்கு ஈப்போ நீதிமன்றம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1952-இல் ஈப்போவில் லீ மெங் என்ற இளம்பெண், கையெறி குண்டு வைத்திருந்ததாக விசாரிக்கப்பட்டார். அவசரகாலச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. நீதிபதியோடு ‘அசெசர்’ எனப்படும் இருவர் அமர்ந்து, வழக்கைக் கேட்டுக் கருத்துச் சொன்னார்கள்.

முதல் விசாரணையில் ஆசியர் இருவரும் ‘குற்றவாளி அல்ல’ என்றனர். நீதிபதி ஏற்கவில்லை. மறுவிசாரணையில் ஆசியர் ஒருவர், ஐரோப்பியர் ஒருவர். ஐரோப்பியர் மட்டும் ‘குற்றவாளி’ என்றார்; நீதிபதி அதை ஏற்று மரண தண்டனை விதித்தார். 1953-இல் பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

காரணம் இனச்சாய்வா? ஒரே வழக்கை வைத்து அறிவியல் அப்படி முடிவுகட்டாது. இரண்டு விசாரணைகளிலும் நீதிபதி, வாதம் எனப் பலவும் மாறியிருக்கலாம். சாட்சியத்தை மாற்றாமல், ஆட்களை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் சோமர்ஸ் அப்படித்தான் செய்தார். 2006-இல் வெளியான அவரது ஆய்வில், ஆறு பேர் கொண்ட 29 மாதிரி ஜூரிக் குழுக்கள் ஒரே வழக்கைப் பார்த்தன. குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவர். சில குழுக்களில் எல்லாருமே வெள்ளையர். மற்றவற்றில் நால்வர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். கலப்புக் குழுக்கள் அதிக நேரம் பேசின. கூடுதல் தகவல்களை அலசின. அங்கிருந்த வெள்ளையர்களே தவறான தகவல்களைக் குறைவாகச் சொன்னார்கள்!

நம்மை அறியாமலே மனத்தில் பதிந்திருக்கும் எண்ணமே மறைமுகச் சாய்வு. பலவகை மனிதர்கள் கூடியிருக்கும்போது நாம் நிதானித்து யோசிக்கிறோம்.

மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் நீக்கப்பட்டது. ஆனாலும், வகுப்பில் சண்டையை ஆரம்பித்தது யார் என்று முடிவு செய்யும்போது நீங்களும் ஒரு ஜூரிதான். பேசுவதற்கு முன் சுற்றிலும் பாருங்கள்: அங்கே யார் இல்லை?